வென்டிலேட்டரை நிறுத்துவதா தொடர்வதா: ஐ.சி.யூ. வாசலில் குடும்பம் பிரிந்து நிற்கும்போது செய்யவேண்டியவை

அப்பாவுக்கு நினைவில்லை, பத்து நாளாக வென்டிலேட்டரில் இருக்கிறார். "இனிமேல் பெரிய முன்னேற்றம் எதிர்பார்க்க முடியாது, குடும்பத்தில் பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். பேச உட்கார்ந்தால் மூத்த மகன் ஒன்று சொல்கிறார், தங்கை வேறு சொல்கிறாள், சித்தப்பா இரண்டு பேரையும் திட்டுகிறார்.

இந்த நிலையில் முதல்முறையாக நிற்பவர்களுக்காக, இந்தியச் சட்டத்தையும் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரி நடைமுறையையும் வைத்து இதை எழுதுகிறேன். இந்தச் சண்டைகளில் யாருக்குப் பாசம் அதிகம் என்பதே பேச்சாக இருக்கும். அடியில் பார்த்தால் ஒவ்வொருவர் காதிலும் ஒவ்வொரு தகவல் விழுந்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் சமாதானம் பேசிப் பயனில்லை.

1. எல்லாரும் சேர்ந்து, ஒரே டாக்டரிடம் கேளுங்கள்

ஐ.சி.யூ.வில் ஒரு நாளைக்கு நான்கைந்து டாக்டர்கள் வந்துபோவார்கள். நரம்பு டாக்டர் "மூளையில் மாற்றமில்லை" என்பார். கிட்னி டாக்டர் "கிரியாட்டினின் குறைஞ்சிருக்கு" (கிட்னி கொஞ்சம் தேறுகிறது என்று அர்த்தம்) என்பார். இரவு டியூட்டி டாக்டர் "பி.பி. ஸ்டேபிள்" என்பார். மூன்றும் உண்மைதான். காலையில் நின்ற மகள் முதல் வார்த்தையோடு வீட்டுக்குப் போகிறாள், இரவு நின்ற மகன் கடைசி வார்த்தையோடு போகிறான். மறுநாள் ஒருவருக்கொருவர் பொய் சொல்வதாகத் தோன்றுகிறது.

ஆகவே ஐ.சி.யூ. பொறுப்பு டாக்டரிடமோ மருத்துவ சமூகப் பணியாளரிடமோ நேரம் கேட்டு வாங்குங்கள். ஐ.சி.யூ. டாக்டரும் முதன்மையாகச் சிகிச்சை தருபவரும் இருவரும் இருக்கவேண்டும். நடைபாதையில் நின்றபடி இரண்டு நிமிடம் பேசுவது போதாது. உட்கார இடம் வேண்டும். வெளிநாட்டில் இருப்பவரை வீடியோ அழைப்பில் சேர்த்துவிடுங்கள். அவர் விமானம் ஏறி வந்து இறங்கிய பிறகு முதலிலிருந்து தொடங்குவதுதான் மிகப் பெரிய குழப்பம். அமெரிக்க டாக்டர்கள் இதற்கு "கலிஃபோர்னியா மகள்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கடைசி நேரத்தில் தூரத்திலிருந்து வந்து, "எல்லாம் செய்யுங்கள்" என்று அதட்டும் உறவினர். நம்மூரில் அது துபாய் மகனாகவோ நியூ ஜெர்சி மகனாகவோ இருக்கும். அவர்மேல் கோபப்படாதீர்கள். நீங்கள் பத்து நாளாகப் பார்த்து மனதைத் தயார்செய்துகொண்டதை அவர் ஒரே நாளில் பார்க்கிறார்.

"பிழைப்பாரா?" என்று மட்டும் கேட்காதீர்கள். இதயம் துடித்துக்கொண்டிருந்தாலே பிழைத்ததாக டாக்டர் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் மனதிலோ திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் அப்பா இருப்பார். இப்படிக் கேளுங்கள்:

- எல்லாம் நல்லபடியாக நடந்தால், ஆறு மாதம் கழித்து எப்படி இருப்பார்? ஆளைத் தெரியுமா, வாயால் சாப்பிடுவாரா, தானாகத் திரும்பிப் படுப்பாரா?
- இப்போது கொடுப்பதில் எது நோயைக் குணமாக்குகிறது, எது உடம்பை ஓட்டிக்கொண்டு மட்டும் இருக்கிறது?
- வலியோ மூச்சுத்திணறலோ அவருக்குத் தெரியுமா? அதற்கு என்ன மருந்து போகிறது?
- உங்கள் கணிப்பு மாறவேண்டுமானால் என்ன தெரியவேண்டும், எத்தனை நாளுக்குள்?

ஒருவர் பதிலை எழுதிக்கொள்ளட்டும். அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். இதற்குப் பிறகும் ஒருவருக்கு நம்பிக்கை வரவில்லை என்றால், கேஸ் ஷீட் சுருக்கத்தையும் ஸ்கேன் படங்களையும் வாங்கி வேறு டாக்டரிடம் இரண்டாவது கருத்துக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதை அந்தச் சந்தேகப்படுகிறவரிடமே ஒப்படைப்பது நல்லது.

2. எந்த நிலை என்பதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்

"கோமா" என்ற ஒரே வார்த்தையில் நாம் நான்கைந்து விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

மூளைச்சாவு என்றால் அது சாவுதான். 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு டாக்டர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பரிசோதித்துச் சான்றளிக்கவேண்டும். அந்தச் சான்று வந்தபின் "சிகிச்சையைத் தொடரலாமா" என்ற விவாதத்துக்கே இடமில்லை. உறுப்பு தானம் செய்வதா என்பதுதான் குடும்பம் சொல்லவேண்டிய பதில். தானத்துக்குச் சம்மதம் இல்லாத இடத்தில் வென்டிலேட்டரை எடுக்க ஆஸ்பத்திரி தயங்குவதும் நடக்கிறது. அப்படி நடந்தால் அவர்கள் நடைமுறை என்ன என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

இதயம் நின்று மீட்கப்பட்டவர் என்றால் அவசரப்படாதீர்கள். உடல் வெப்பநிலை (சிலருக்குச் சிகிச்சைக்காகக் குறைத்து வைப்பார்கள்) இயல்புக்கு வந்து குறைந்தது 72 மணி நேரம் ஆகாமல் மூளையின் எதிர்காலத்தைப் பற்றி முடிவு சொல்லக்கூடாது என்பதே மருத்துவ வழிகாட்டுதல். மயக்க மருந்து உடம்பில் இருந்தால் இன்னும் காத்திருக்கவேண்டும்.

சண்டை உச்சத்துக்குப் போவது, கண் திறந்திருந்தும் உணர்வில்லாத நிலையில். தூங்குவார், விழிப்பார், கொட்டாவி விடுவார், கையை வைத்தால் பிடிப்பார். "என்னைப் பார்த்தாங்க, கையைப் பிடிச்சாங்க, நிறுத்தணும்னு எப்படிச் சொல்றே?" என்று மகள் அழுவாள். அவள் பொய் சொல்லவில்லை. பிறந்த குழந்தைகூட விரலைப் பிடிக்கும், அது அனிச்சைச் செயல். ஆனால் குடும்பத்தார் சொல்வதை டாக்டர் சிரித்துத் தள்ளிவிடவும் கூடாது. இலேசாக உணர்வு மிஞ்சியிருக்கும் நோயாளிகளை உணர்வே இல்லாதவர் என்று தவறாகக் கணிப்பது உண்மையில் நடக்கிறது. எனவே அசைவுகளைத் தேதி, நேரத்தோடு வீடியோ எடுங்கள். நரம்பு டாக்டர் பரிசோதிக்கும்போது அந்த மகளைப் பக்கத்தில் நிறுத்துங்கள். "கண்ணை மூடுங்க", "கட்டை விரலைத் தூக்குங்க" என்று பல தடவை, வெவ்வேறு நேரத்தில் சொல்லிப் பார்க்கட்டும். தன் கண்ணால் பார்த்தபின் வரும் தெளிவு வேறு.

3. முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு?

இதில் தப்பான நம்பிக்கைகள் நிறைய. "கொள்ளி வைக்கப்போறவன் நான், நான் சொல்றதுதான்" என்பார் மூத்தவர். சிகிச்சையை நிறுத்த உச்ச நீதிமன்றம் வகுத்த நடைமுறையில் (7ஆம் பகுதியில் வருகிறது) மூத்த மகனுக்குத் தனி இடம் கிடையாது. "அப்பா எனக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கார்" என்பார் இன்னொருவர். இந்திய ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவின்படி, எழுதிக்கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்தப் பவரும் முடிந்துபோகும். அது சொத்துக்கான பத்திரம், உயிருக்கானது இல்லை.

நெருங்கிய உறவினர், பாதுகாவலர் என்று பொதுவாகத்தான் அந்த நடைமுறை பேசுகிறது. மனைவி முதலில், பிள்ளைகள் அடுத்து என்று வரிசை போடவில்லை. நடைமுறையில் இதன் அர்த்தம், முதல் வட்டத்தில் ஒருவர் கடுமையாக எதிர்த்தாலும் பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் கை வைக்காது. ஓட்டெடுப்பு நடத்தி மூன்றுக்கு இரண்டு என்று ஜெயிப்பதில் பிரயோஜனம் இல்லை.

இரத்த உறவு என்பது மட்டுமே எடை இல்லை என்பதற்கு அருணா ஷான்பாக் வழக்கைச் சொல்லலாம். மும்பை கே.இ.எம். மருத்துவமனை நர்ஸான அவர் 1973இல் தாக்கப்பட்டு மூளை பாதிக்கப்பட்டார். அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்தக் கேட்டு ஒரு பத்திரிகையாளர் உச்ச நீதிமன்றம் போனபோது, அவருக்காகப் பேசத் தகுதியானவர்கள் பல பத்தாண்டுகளாகக் குளிப்பாட்டி ஊட்டிவிட்ட அந்த மருத்துவமனை ஊழியர்கள்தான் என்று 2011இல் நீதிமன்றம் சொன்னது. அவர்கள் நிறுத்தச் சம்மதிக்கவில்லை. 2015இல் நிமோனியாவில்தான் அவர் இறந்தார். உங்கள் வீட்டிலும் நான்கு வருடமாக மலம் துடைத்த மருமகளின் பேச்சுக்கு முதலில் காது கொடுங்கள். அவர் நிறுத்தலாம் என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி.

4. கேள்வியை மாற்றிக் கேளுங்கள்

"நாம என்ன பண்ணலாம்?" என்று கேட்டால் ஒவ்வொருவரும் தன் பயத்தைத்தான் பதிலாகச் சொல்வார்கள். "அவர் இங்கே உட்கார்ந்து தன் நிலையைப் பார்த்தால் என்ன சொல்வார்?" என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஐ.சி.யூ.வில் கிடந்தபோது அம்மா என்ன சொன்னார்? தன் அண்ணன் பக்கவாதத்தில் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்த அன்று இரவு அப்பா என்ன பேசினார்? ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தாளில் எழுதட்டும், அப்புறம் சேர்த்துப் படியுங்கள். சத்தமாகப் பேசினால் அடக்கமானவர்கள் வாய் திறக்கமாட்டார்கள், முக்கியமாக மருமகள்களும் இளைய பிள்ளைகளும்.

நினைவு தப்பினால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைத்த மருத்துவ விருப்பப் பத்திரம் இருக்கிறதா என்றும் தேடுங்கள். பீரோவில் எல்.ஐ.சி. பத்திரங்களோடு இருக்கலாம், குடும்ப டாக்டரிடம் ஒரு பிரதி இருக்கலாம். எழுதியது இல்லை என்றாலும் பேசிய பேச்சுக்கு மதிப்பு உண்டு.

பதில் எப்போதும் "நிறுத்துங்கள்" என்றுதான் வரும் என்று நினைக்கவேண்டாம். "கடைசி மூச்சுவரை பார்க்கணும்" என்று நம்பியவர்களும் இருக்கிறார்கள். அதுவும் அவர் விருப்பம்தான், உங்களுக்கு வசதிப்படாவிட்டாலும்.

5. பணத்தையும் சொத்தையும் வெளிப்படையாகப் பேசுங்கள்

யாரும் பேச விரும்பாத இடம் இது. ஆனால் "சொத்துக்காக அவசரப்படுறான்", "பில் இவன் கட்டலை, அதனால இழுக்கச் சொல்றான்" என்ற இரண்டு சந்தேகமும் அறையில் இருக்கும். பேசாவிட்டால் மருத்துவ விவாதத்துக்குள் வேறு வேஷத்தில் வரும்.

இதுவரை ஆன பில், இனி ஒரு நாளுக்கு ஆகும் தொகை, காப்பீட்டில் மிச்சம் எவ்வளவு என்பதை எழுத்தில் கேட்டு எல்லாருக்கும் காட்டுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் எது அதில் வரும், எது வராது என்று காப்பீட்டு மேசையில் கேளுங்கள். அரசு மருத்துவமனைக்கு மாற்றுவதைப் பற்றிப் பேசுவது கேவலம் ஒன்றுமில்லை.

நினைவில்லாதவரின் கைரேகையை எந்தத் தாளிலும் வைக்காதீர்கள். உயிலோ வங்கிப் படிவமோ எதுவாக இருந்தாலும் சரி. அது சட்டப்படி நிற்காது. அதோடு குடும்பத்துக்குள் ஒருநாளும் ஆறாத புண்ணாகிவிடும். கோமாவில் இருப்பவரின் கணக்கையோ சொத்தையோ சிகிச்சைக்காகவே எடுக்கவேண்டும் என்றால் உயர் நீதிமன்றத்தில் பாதுகாவலராக நியமிக்கக் கேட்கலாம். 2024இல் சென்னை உயர் நீதிமன்றம், கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியையே பாதுகாவலராக நியமித்து, சொத்தை விற்கவும் அனுமதித்தது.

6. முடியாவிட்டால், கெடு வைத்துத் தொடருங்கள்

இரண்டு தரப்பும் இறங்கி வராத இடத்தில் நான் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான். "இன்னும் ஐந்து நாள் டயாலிசிஸும் பி.பி. மருந்தும் முழுமையாகக் கொடுப்போம். ஐந்தாம் நாள் இந்த மூன்று விஷயங்களில் முன்னேற்றம் இருக்கிறதா என்று பார்ப்போம். இல்லை என்றால் சிகிச்சையை மேலும் கூட்டுவதை நிறுத்துவோம்" என்று டாக்டரோடு சேர்ந்து எழுதிக்கொள்வது. என்ன பார்க்கப்போகிறோம் என்பதை முன்பே எழுதாவிட்டால், அது வெறும் "இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்" ஆகி மாதக்கணக்கில் போகும். "அமாவாசை தாண்டட்டும்", "பேத்தி கல்யாணம் முடியட்டும்" என்பவையும் வரும். கல்யாணத்தை நான் கிண்டல் செய்யவில்லை. அது தேவை என்றால் அதையும் கெடுவாக வெளிப்படையாகவே எழுதுங்கள். அதுவரை அவருக்கு வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பதையும் சேர்த்து.

இடைப்பட்ட படிகளும் உண்டு. இதயம் நின்றால் நெஞ்சை அமுக்கி மீட்கவேண்டாம் என்று மட்டும் முடிவெடுக்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. இப்போதிருப்பது தொடரும், புதிதாக டயாலிசிஸ் தொடங்கமாட்டோம் என்றும் வைத்துக்கொள்ளலாம். தொண்டையில் துளைபோட்டு டிராக்கியாஸ்டமி செய்யக் கையெழுத்துக் கேட்கும் நாள் முக்கியமான திருப்பம். நீண்ட நாள் பராமரிப்புக்குள் போகிறோம் என்று அதற்கு அர்த்தம். கையெழுத்துப் போடுமுன் அந்தக் குடும்பக் கூட்டத்தைக் கூட்டிவிடுங்கள்.

7. நிறுத்துவது என்று முடிவானால், சட்ட வழி

ஊசி போட்டு உயிரை எடுப்பது குற்றம். மீளமுடியாத நோயாளிக்குப் பயன் தராத சிகிச்சையை நிறுத்துவது, முறைப்படி செய்தால், குற்றமில்லை. தெற்கு மாவட்டங்களில் தலைக்கூத்தல் (படுக்கையில் கிடக்கும் முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகவைக்கும் பழைய வழக்கம்) பற்றிக் கேள்விப்பட்டு வளர்ந்த பெரியவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பயப்படுவார்கள். அவர்களுக்கு இதைப் பொறுமையாகச் சொல்லவேண்டும்.

2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையில் அடங்கும் என்றது. அன்று வகுத்த நடைமுறை சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரியில் எளிதாக்கியது. இப்போதைய வழி இது: சிகிச்சை தரும் டாக்டரும், அந்தத் துறையில் குறைந்தது 5 வருட அனுபவம் உள்ள இரு நிபுணர்களும் சேர்ந்து முதல் மருத்துவக் குழு. அது குடும்பத்தோடு பேசி, எழுத்துப்பூர்வச் சம்மதம் வாங்கி, கூடியமட்டும் 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்லவேண்டும். அடுத்து இரண்டாவது குழு. மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு டாக்டரும், முதல் குழுவில் இல்லாத இரு நிபுணர்களும் அதில் இருப்பார்கள். அதற்கும் அதே 48 மணி நேரம். இரண்டு குழுவும் ஒத்துக்கொண்டால், நிறுத்துவதற்கு முன் ஆஸ்பத்திரி நீதித்துறை நடுவருக்கு (மாஜிஸ்திரேட்) தகவல் தரவேண்டும். நடுவர் அனுமதிக்காகக் காத்திருக்கவேண்டியதில்லை.

"எங்க ஆஸ்பத்திரியில அப்படிக் குழு எல்லாம் இல்லை" என்ற பதில் வரக்கூடும். வந்தால், மருத்துவக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கோரிக்கை கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாய்ப்பேச்சில் நகராத காகிதம் எழுத்தில் நகரும்.

மருத்துவக் குழு மறுத்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். சிகிச்சையை நிறுத்துவதை எதிர்க்கும் உறவினரும் போகலாம். ஆனால் அங்கே போவதற்கு முன் இரண்டு வழக்குகளை நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டெர்ரி ஷியாவோ 1990இல் 26 வயதில் மயங்கி விழுந்தார். நிறுத்தலாம் என்று கணவர், கூடாது என்று பெற்றோர். உணவு செலுத்தும் டியூபை எடுப்பதும் திரும்ப வைப்பதுமாகப் போய், மூன்றாவது முறை எடுத்தபின் 2005 மார்ச் 31 அன்று இறந்தார். பிரான்சில் வின்சென்ட் லம்பேர் 2008இல் சாலை விபத்தில் சிக்கினார். மனைவி ஒரு பக்கம், பெற்றோர் ஒரு பக்கம். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2019 ஜூலையில் முடிந்தது. இரண்டு பேரும் எதையும் எழுதிவைக்கவில்லை. வாயால் சொன்னதாக மற்றவர்கள் சொன்னதை வைத்தே அத்தனை வருடமும் வாதாடினார்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோவது பற்றி

நம்மூரில் அதிகம் நடப்பது இதுதான். மருத்துவ ஆலோசனைக்கு எதிராக டிஸ்சார்ஜ் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். ஆம்புலன்ஸில் மூச்சுக்காற்று ஏற்றும் பலூனைக் கையால் அமுக்கிக்கொண்டே போய், வீட்டு வாசலில் டியூபை எடுப்பார்கள். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. வீட்டில் சாகவேண்டும் என்ற ஆசை நியாயமானது. வலிநிவாரணம் இல்லாமல் மூச்சுத்திணறி அவர் சாவதைச் சொந்தபந்தம் நின்று பார்ப்பது நியாயமில்லை. பிறகு "நீதான் கையெழுத்துப் போட்டே" என்ற பேச்சு ஒருவர் தலையில் விழும்.

வீட்டுக்குத்தான் என்றால், மூச்சுத்திணறலுக்கு என்ன மருந்து, எவ்வளவு, யார் கொடுப்பது, இரவில் யாரைக் கூப்பிடுவது என்பதை நோய்த்தணிப்புச் சிகிச்சை (பாலியேட்டிவ் கேர்) டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்புச் சேவை தரும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

அந்த நாளில்

எதிர்த்தவரையும் அறைக்குள் கூப்பிடுங்கள். சம்மதிக்காவிட்டாலும் விடைபெறும் உரிமை அவருக்கு உண்டு. முதலில் வலி, பதற்றம் தணிக்கும் மருந்து ஏறும், பிறகுதான் இயந்திரம் நிற்கும். சில நிமிடத்திலும் முடியலாம், நாள் கணக்கிலும் ஆகலாம். அதை முன்பே எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். "சீக்கிரம் போயிடுவார்னீங்களே" என்று கோபம் வருவது இதனால்தான். பால் ஊற்ற விரும்பினால் நர்ஸிடம் கேளுங்கள், உதட்டை நனைக்கும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விபத்து, விஷம் போன்ற போலீஸ் கேஸாக இருந்தால் பிரேதப் பரிசோதனை இருக்கும் என்பதைச் சொந்தக்காரர்களுக்கு முன்னதாகவே தெரிவித்துவிட்டு, அடக்க நேரத்தைக் குறியுங்கள்.

உங்கள் சொந்தப் பத்திரம்

இதை எல்லாம் பார்த்தபின் பலரும் "எனக்கு இப்படி வேண்டாம்" என்று சொல்வார்கள். சொல்வது போதாது. 18 வயதுக்கு மேல், தெளிந்த மனநிலையில் இருக்கும் யாரும் மருத்துவ விருப்பப் பத்திரம் எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்து, நோட்டரியோ கெஸட்டட் அதிகாரியோ சான்றொப்பம். எந்த நிலையில் எது வேண்டாம் என்பதைத் தெளிவாக எழுதுங்கள், குழப்பமாக இருந்தால் மருத்துவக் குழு அதை ஏற்காது. உங்களுக்காகச் சம்மதம் சொல்லக்கூடியவர்களின் பெயரையும் எழுதவேண்டும். ஒருவருக்கு மேல் எழுதலாம். அப்படி எழுதினால், அவர்களுக்குள் ஒத்துப்போகாவிட்டால் யார் பேச்சு முடிவு என்பதை ஒரு வரியில் சேருங்கள். அவர்களிடம் ஒரு பிரதி, குடும்ப டாக்டரிடம் ஒன்று, உள்ளாட்சி அலுவலகத்தில் அதற்குப் பொறுப்பான அதிகாரியிடம் ஒன்று. மனது மாறினால் திருத்தி எழுதலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும்.